கூரிகை என்னும் விதைக்கும் கருவியும் அதன் இணையான குண்டெயும்

புதிய கருவி, புதிய கண்டுபிடிப்பு என்று சொன்னவுடன் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடியானவர்களின் மனம் ஆலைகளையே நாடுவது இயல்பு. 1970க்குப் பின் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல், கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களின் ஓரத்திலேயே யந்திரசாலைகள் எழுந்தன. 1980ஆம் ஆண்டில் இருவர் ஏறிச் செல்லத்தக்க சிறிய மோட்டார் வண்டி, அஃதாவது டி.வி.எஸ். 50, ஓசூரிலிருந்து வெளிவந்தது. அதே பத்தாண்டில் டைட்டன் கைக்கடிகாரங்களும் அங்கே செய்யப்படலாயின. இவற்றின் நுட்பத்தை மெச்சாதார் இலர்.

ஆயினும் அதே பிராந்தியத்தில், பழைய வீடுகளின் இறவாணத்தில் சொருகப்பட்டும், மாட்டுக்கொட்டிலின் மூலையில் சாத்தப்பட்டும், தூசி படிந்து கிடக்கும் ஒரு மரக் கருவி உண்டு. அதன் நுட்பம் கடிகாரத்தின் நுட்பத்திற்குத் தாழ்ந்ததன்று. கன்னடம் பேசும் குடிகள் அதைக் கூரிகை என்பர்; தெலுங்கு பேசுவோர் கொர்ரு என்பர். தமிழில் விதைக்கும் கலப்பை என்றால் பொருள் விளங்கும். தினந்தோறும் கண்ணிற்படும் பொருளாகையால் அதை ஒரு கண்டுபிடிப்பு என்று எவரும் எண்ணுவதில்லை. எண்ணாத காரணத்தினாலேயே அது அடுப்புக்கு விறகாகிக் கொண்டிருக்கிறது. அது போனால் போகிறது என்று இருந்துவிடலாமா, அதனுடன் வேறு ஏதேனும் போய்விடுகிறதா என்பதை ஆராய்வது நிலமுடையோர்க்கும் கிராம அதிகாரிகளுக்கும் அவசியம்.

விதைப்பில் உள்ள மூன்று கஷ்டங்கள்

விதையை நிலத்தில் இடுவது எளிய காரியம் போலத் தோன்றும். உண்மையில் அதில் மூன்று கஷ்டங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, ஆழம். கேழ்வரகு மிகச் சிறிய மணி. மேலாக விழுந்தால் வெயிலில் காய்ந்துவிடும். எறும்புக்கும் பறவைக்கும் இரையாகும். மிக ஆழமாக விழுந்தால் முளை மண்ணைத் துளைத்து வெளிவர மாட்டாது. ஈரமுள்ள மண்ணில் 2 முதல் 3 சென்டிமீட்டர், அஃதாவது ஏறக்குறைய ஓர் அங்குல ஆழமே தக்கது.

இரண்டாவது, அளவு. ஆயிரம் கேழ்வரகு மணிகளின் எடை சுமார் 3 கிராம்தான். ஏக்கருக்கு 4 கிலோ விதைத்தால் 13 லட்சத்துக்கு மேற்பட்ட மணிகள் நிலத்தில் விழுகின்றன. சாலுக்குச் சால் 30 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் விட்டால் ஓர் ஏக்கரில் நிற்க வேண்டிய பயிர் சுமார் 1,35,000 மட்டுமே. வேண்டியதைப்போல் பத்து மடங்கு விதை விழுகிறது என்பது இதனால் பெறப்படும். கைவீச்சில் விதைப்போர் இன்னும் அதிக விதையைச் செலவிட்டும், ஓரிடத்தில் அடர்த்தியும் ஓரிடத்தில் வெறுமையுமாகவே காண்கிறார்கள்.

மூன்றாவது, இடைவெளி. பயிர் ஒழுங்கான சாலில் நில்லாவிட்டால் மாட்டைக் கொண்டோ யந்திரத்தைக் கொண்டோ களையெடுக்க வழியில்லை. கைக்களை ஒன்றே கதி. ஆலை வேலைக்கு ஆட்கள் போய்விடும் ஓசூர்ப் பக்கத்தில், கைக்களைக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கருவியின் அமைப்பு

மேற்சொன்ன மூன்று கஷ்டங்களையும் ஒரே சமயத்தில் தீர்ப்பது கூரிகையின் சிறப்பு. கனமான ஒரு குறுக்குக் கட்டையில் சம இடைவெளி விட்டுப் பற்கள் இறக்கப்பட்டிருக்கும். ஊருக்கும் பயிருக்கும் தக்கவாறு பற்களின் எண்ணிக்கை மாறும். கேழ்வரகுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை இருப்பது உண்டு. ஒவ்வொரு பல்லின் பின்புறத்திலும் துளையிட்டு, ஒரு மூங்கிற் குழாயைப் பொருத்தியிருப்பார்கள். எல்லாக் குழாய்களின் மேல் முனைகளும் ஒன்றுகூடி, ஒரே மரத்தில் குடைந்த ஒரு கிண்ணத்தில் வந்து சேரும். கிண்ணத்தின் அடியில் வட்டமாக, ஒரே அளவுள்ள துளைகள் இருக்கும். கட்டையிலிருந்து நீளும் ஏர்க்கால்கள் நுகத்தடியில் கட்டப்பட்டு, ஒரு ஜோடி எருதுகள் இழுக்கும்.

ஒருவர் மாட்டை ஓட்டிச் செல்ல, மற்றொருவர் பின்னால் நடந்து விதையைக் கிண்ணத்தில் சீராக விட்டுக்கொண்டே வருவர். பல குடும்பங்களில் இது பெண்களின் வேலை. ஒரு கையிலிருந்து விழும் விதையைக் கிண்ணம் பல குழாய்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. பல் கீறிய சாலிலேயே, மண் மூடுவதற்கு முன், விதை ஈரத்தில் போய் விழுகிறது. கட்டையின் கனமும் ஏர்க்காலின் சாய்வும் ஆழத்தை நிர்ணயிக்கின்றன. பற்களின் இடைவெளி சாலை நிர்ணயிக்கிறது. கையும் கிண்ணமும் சேர்ந்து அளவை நிர்ணயிக்கின்றன. பற்சக்கரமோ, வில்லோ, இரும்புச் சங்கிலியோ இதில் இல்லை. தச்சரும் கொல்லரும் உள்ளூரிலேயே செய்து, உள்ளூரிலேயே பழுது பார்க்கும்படி அமைந்த சாதனம் இது.

பிற தேசங்களில் இக்கருவி

குழாய் வழியே விதையை இறக்கும் எண்ணம் மிகவும் பழமையானது. பழைய பாபிலோன் தேசத்தில் கலப்பையுடன் ஒரு குழாயை இணைத்து விதைத்தனர். அந்நாட்டு முத்திரைகளில் அதன் உருவம் காணப்படுகிறது. சீனாவில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே பல குழாய்களையுடைய விதைக்கலப்பை இருந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கைவீச்சு விதைப்பே பெரும்பாலும் நடைபெற்று வந்தது. இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1701ஆம் ஆண்டில் விதைக்கும் யந்திரம் ஒன்றை இயற்றினார். சங்கீதக் கருவியாகிய ஆர்கனின் உள்ளமைப்பைக் கண்டு, விதையை எண்ணி இறக்கும் உருளைக்கு வழி கண்டார் என்பர்.

டல் எழுதி 1733இல் வெளியான நூல் விதைப்பதை மாத்திரம் கூறவில்லை. குதிரையைக் கட்டிச் சாலிடையில் கொத்துவதே அந்நூலின் தலைப்பாக அமைந்தது. மண்ணின் நுண்ணிய துகளையே பயிர் உணவாகக் கொள்கிறது என்று அவர் கொண்ட கொள்கை பிற்காலத்தில் தவறென்று தெளிந்தது. எனினும் சாலில் விதைத்துச் சாலிடையில் கொத்த வேண்டும் என்ற அவருடைய முறை நிலைத்துவிட்டது.

தென்னிந்தியாவிலோ இம்முறை குடியானவர்களிடம் முன்னமே வழக்கத்தில் இருந்தது. விதைக்கும் கலப்பை ஐரோப்பியரின் புதுக் கண்டுபிடிப்பென எண்ணியிருந்த காப்டன் தாமஸ் ஹால்காட் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி, 1790களில் தென்னிந்திய வயல் ஒன்றில் அக்கருவி வேலை செய்வதைக் கண்டு வியந்து, அதைப் பற்றி லண்டனிலிருந்த விவசாய போர்டுக்கு எழுதி அனுப்பினார். 1800ஆம் ஆண்டில் மைசூர்ச் சீமையைச் சுற்றிப் பார்த்த டாக்டர் பிரான்சிஸ் புக்கானன், பெங்களூர்ப் பக்கத்தில் கேழ்வரகு விதைப்பதைக் கவனித்து, கூரிகை என்ற பெயரையே தம் காதிற் பட்டவாறு எழுதி வைத்தார். அவருடைய நூல் 1807இல் லண்டனில் மூன்று பாகங்களாக அச்சாயிற்று. தூர தேசத்தார் குறிப்பெடுத்துச் சென்ற ஒரு பொருளை, அதை உடையவர்கள் விறகாக்கி விடுவது விசனிக்கத்தக்கது.

குண்டெ என்னும் இணைக் கருவி

கூரிகையைத் தனியே ஒரு கருவியாக எண்ணுவது பிசகு. அதற்கு ஓர் இணை உண்டு. கன்னடத்தில் குண்டெ என்றும், தெலுங்கில் குண்டக என்றும் பெயர் பெற்ற அது, மாட்டைக் கட்டி இழுக்கும் கத்திக் கொத்து. பயிர் வரிசைகளுக்கு நடுவே அதன் இரும்பு அலகு மண்ணின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே சென்று களையின் வேரை அறுக்கும், மேல்மண்ணையும் கிளறிவிடும். கிளறிய மண் ஒரு போர்வையாக நின்று அடியிலுள்ள ஈரம் ஆவியாகப் போவதைக் குறைக்கிறது. மானாவாரிப் பயிருக்கு இது ஒரு சிறு மழைக்குச் சமானமான அனுகூலம்.

முன்னோரின் யோசனை இங்கேதான் நன்றாக விளங்குகிறது. பழைய தச்சர்கள் கூரிகைக்குப் பல் வைத்த அதே அளவுகோலைக் கொண்டே குண்டெயின் அலகுக்கும் இடம் வைப்பார்கள். ஒன்றின் இடைவெளி 30 சென்டிமீட்டரானால், மற்றதன் அலகு சுமார் 20 சென்டிமீட்டர் அகலம் இருந்து, இருபுறமும் பயிருக்கு 5 சென்டிமீட்டர் விட்டுச் செல்லும். விதைக்கும் நாளிலேயே களை எடுக்கும் நாளைக் கருதி அளவிட்டிருப்பது இதன் பொருள். இக்காலத்தில் விதைக்கும் யந்திரத்தை ஓரிடத்திலும், களைக் கருவியை வேறிடத்திலும் வாங்கி, இரண்டின் அளவும் பொருந்தாமல் பயிரைச் சேதப்படுத்திக் கொள்வோர் உண்டு. கருவி வாங்கப் போகும் முன் ஒரு மூங்கிற் குச்சியில் சால் இடைவெளியைக் குறித்து எடுத்துச் செல்வது சிலாக்கியம்.

அக்கடிச் சால்

கூரிகையுடன் சேர்ந்த மற்றொரு சிறு கருவியும் கவனிக்கத்தக்கது. நுனி கூரான ஒற்றை மூங்கிற் குழாயைக் கயிற்றினால் கூரிகையின் பின் கட்டி, ஒருவர் தனியாக அதில் விதை விட்டுக்கொண்டே வருவர். இதனால் கேழ்வரகுச் சால்களுக்கு நடுவே மொச்சை, துவரை முதலியன ஒரு சால் விழும். இதைக் கன்னட எல்லைப்புறத்தில் அக்கடிச் சால் என்பர். புக்கானனும் இக்குழாயைக் குறித்திருக்கிறார்.

எட்டுச் சால் கேழ்வரகுக்கு ஒரு சால் மொச்சை என்னும் கணக்குப் பல இடங்களில் அனுபவத்தில் உள்ளது. கேழ்வரகு சுமார் நான்கு மாதத்தில் அறுவடையாகிவிடும். நாட்டு மொச்சையோ பகற்பொழுது குறுகிப் பனி இறங்கும் காலத்தில்தான் பூத்துக் காய்க்கும். ஆகவே ஒன்றின் உணவுக்கு மற்றது அதிகம் போட்டியிடுவதில்லை. மொச்சையின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. முன்மழை பொய்த்துக் கேழ்வரகு குறைந்தாலும், பின்மழை மொச்சையைக் காக்கக்கூடும். குடும்பத்துக்குக் களியும் குழம்பும் ஒரே நிலத்திலிருந்து கிடைக்கும். கைவீச்சு விதைப்பில் இந்த ஒழுங்கு அமையாது. எல்லாம் கலந்து முளைத்து, களையெடுப்பதும் அறுப்பதும் கஷ்டமாகும்.

கருவியைச் சோதிக்கும் விதம்

கூரிகை வைத்திருப்போர் விதைப்புக்கு முன் பின்வரும் சோதனையைச் செய்வது நலம்.

1. பற்களின் இடைவெளியை நுனியில் அளக்க வேண்டும். கட்டையில் சமமாயிருந்தும் நுனியில் கோணியிருந்தால் சால் கோணும்.

2. குழாய்களில் குளவிக்கூடும் பழைய மண்ணும் அடைத்திருக்கும். மெல்லிய குச்சியை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். வெடித்த குழாயை மாற்ற வேண்டும்.

3. கிண்ணத்தில் ஒரு பிடி விதையை விட்டு, ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு சிறு பாத்திரம் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் குழாயில் குறைகிறதோ அதன் துளையைச் செப்பனிட வேண்டும்.

4. 5 சென்ட் நிலத்தை அளந்து கொண்டு, அதற்கு 200 கிராம் விதையைப் பல பங்கு காய்ந்த மணலுடன் கலந்து விதைத்துப் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ என்ற கணக்குக்கு இது சரியாகும். நிலம் முடியுமுன் விதை முடிந்தால் கை தாராளம் என்றும், மிஞ்சினால் கை இறுக்கம் என்றும் அறிந்து திருத்திக் கொள்ளலாம்.

5. மண் காலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போது விதைக்கலாகாது. ஈரமண் குழாயின் வாயை அடைத்துவிடும்; அடைத்தது தெரியாமல் போனால் வயலின் முழு நீளத்துக்கும் ஒரு சால் வெறுமையாகும். பின்னால் வருபவர் அடிக்கடி குனிந்து குழாயின் வாயைப் பார்த்தல் வேண்டும்.

விதைத்த 15 முதல் 20 நாளுக்குள், ஈரமுள்ள நாளில், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இருக்கும்படி கலைத்து, கலைத்த நாற்றை வெறுமையான இடத்தில் ஊன்றலாம். சுமார் மூன்றாவது வாரத்தில் குண்டெயை ஒருமுறையும், பிறகு பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் ஓட்டினால், சாலில் எஞ்சிய களைகளை மட்டும் கையால் எடுத்தால் போதும்.

மாடு இல்லாதோர் செய்ய வேண்டுவது

“கருவி நல்லதுதான், இழுக்க எருது எங்கே?” என்று குடியானவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆலம்பாடி எருதுகளுக்குப் பேர்போன இந்தப் பக்கத்தில் உழவு மாடுகள் மிகக் குறைந்துவிட்டன. மகன் ஆலைக்குச் செல்ல, தந்தை ஒருவரே நிலத்தில் நிற்கும் வீடுகள் அநேகம். அவர்கள் எருது வாங்க வேண்டும் என்று சொல்வது பிரயோஜனமற்ற உபதேசம்.

ஆனால் கூரிகையின் உயிர் மரத்திலும் எருதிலும் இல்லை. அதன் கணக்கில் இருக்கிறது. டிராக்டருடன் இணைக்கும் விதைக்கும் யந்திரமும் அதே கணக்கைக் கொண்டதே. அதில் மனிதர் கை செய்த வேலையைப் பள்ளம் வெட்டிய உருளை செய்கிறது. தரையில் உருளும் சக்கரம் அவ்வுருளையைத் திருப்புகிறது. ஆகையால் வண்டி வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும், ஒரு மீட்டர் தூரத்தில் விழும் விதையின் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை.

இதையும் சோதியாமல் ஓட்டலாகாது. 9 பற்கள், 30 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் யந்திரத்தின் அகலம் 2.7 மீட்டர். 75 மீட்டர் தூரம் சென்றால் 5 சென்ட் நிலம் விதைத்ததாகும். சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டரானால், சக்கரத்தைத் தூக்கி வைத்து 50 முறை சுற்ற வேண்டும். எல்லாக் குழாய்களிலிருந்தும் விழுந்த விதையைச் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் இருத்தல் வேண்டும். கூடினால் குறைக்கவும், குறைந்தால் கூட்டவும் நெம்புகோல் உண்டு. கால் மணி நேரத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாமல், கேழ்வரகு அடர்ந்து முளைத்துவிட்டதென்று யந்திரத்தின் மேல் பழி சொல்வது முறையன்று.

சிறு நிலமுடையோர் யந்திரம் வாங்க வேண்டுவதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை கருவிகளை வாடகைக்கு விடுகிறது. பக்கத்து நிலத்தார் நான்கைந்து பேர் ஒன்றுகூடி ஒரே நாளில் விதைக்க ஏற்பாடு செய்து கொண்டால், யந்திரம் வந்து போகும் செலவு பங்காகிக் குறையும். களைக்குக் கையால் தள்ளும் சக்கரக் கொத்தும் உண்டு. சால் நேராயிருந்தால் வயதானவரும் அதைத் தள்ளலாம். கேழ்வரகு ரகங்களைப் பற்றியும் சாகுபடி முறையைப் பற்றியும் ஐயமுள்ளோர் காவேரிப்பட்டணத்துக்கு அருகே பையூரிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க

கருவி அழிந்தால் அதன் அளவும் அழிந்து போகும். எந்த மண்ணுக்குப் பல்லை எவ்வளவு சாய்க்க வேண்டும், கிண்ணத்தின் துளை எவ்வளவு இருக்க வேண்டும் என்பன எந்தப் புத்தகத்திலும் முழுவதும் எழுதப்படவில்லை. அவை வயது முதிர்ந்த தச்சர்களின் கையிலும், விதை விட்டுப் பழகிய மூதாட்டிகளின் விரலிலும் இருக்கின்றன. தச்சரின் பிள்ளை ஆலையில் நல்ல சம்பளம் பெறுவது சந்தோஷமே. ஆனால் அவர் கற்காமல் விட்டதை வேறு எவரும் கற்கவில்லை.

ஆகையால் ஒவ்வொரு கிராமத்திலும் பழுதில்லாத கூரிகையும் குண்டெயும் எத்தனை இருக்கின்றன என்று கணக்கெடுப்பதும், அவற்றின் நீளம், அகலம், இடைவெளி, சாய்வு ஆகியவற்றை அளந்து எழுதிப் படமும் எடுத்து ஊராட்சி அலுவலகத்தில் வைப்பதும் நன்று. கிராம சபை கூடும் நாளில் பழைய தச்சரையும் விதைக்கும் பெண்களையும் அழைத்து, இளைஞர் முன்னிலையில் ஒரு சால் ஓட்டிக் காட்டச் செய்யலாம். ஆலையில் யந்திரம் பயின்ற இளைஞர் அந்தக் கிண்ணத்தையும் குழாயையும் ஒருமுறை கூர்ந்து பார்த்தால், இரும்பிலும் இலகுவான உலோகத்திலும் அதைவிடச் சிறந்த கையிழுவைக் கருவி ஒன்றைச் செய்ய முன்வருவார் என்பதில் ஐயமில்லை. அதற்குக் கிராமத்தில் ஒரு மாதிரியாவது மிஞ்சியிருக்க வேண்டும். இந்த வருஷம் இறவாணத்தைத் துப்புரவு செய்யும் குடியானவர்கள், அங்கேயுள்ள மரத்தை அடுப்பண்டை கொண்டு போகுமுன் அதன் பற்களை ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக.